கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் வேலை: கயிறு, குளிர்பெட்டி, ஊசி, அடைப்பான்

கே.வி.குப்பம்_புதுசு

வணக்கம். கே.வி.குப்பம் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். டாக்டர் ஒருவர், ஆய்வாளர் ஒருவர், நான். அடுத்து கோமாரி தடுப்பூசி முகாம் வருகிறது. ட்ரெவிஸ் (மாட்டை அசையாமல் நிறுத்தும் கம்பிச் சட்டம்) மருந்தகத்தில்தான் இருக்கிறது, ஊர்களில் கிடையாது. அங்கே கலப்பின மாட்டை எப்படி நிறுத்துவது? தடுப்பூசி கொண்டுபோகும் குளிர்பெட்டியில் (கேரியர்) மருந்து கெடாமல் எப்படி வைப்பது? ஊசியை எத்தனை மாட்டுக்கு ஒரு முறை மாற்றுவது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். துறையில் இருப்பவர்கள் விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

பொய்கைச்_சந்தை

தம்பி, கயிறு பத்தி நான் சொல்றேன்.

கட்டப்போற மரமோ கல்லுக்காலோ அசையுதான்னு முதல்ல ஆட்டிப் பாருங்க. முகாம்ல ஆளுக்கு அடிபடறதுல பாதி, இத்துப்போன முளைக்குச்சியில மாட்டைக் கட்டிட்டு ஊசி போடப் போறதாலதான்.

மூக்கணாங்கயித்தைப் பிடிச்சு மாட்டைத் திருப்பலாம். அதையே மரத்துல கட்டிடாதீங்க. திமிறினா மூக்குத் தண்டு கிழிஞ்சு போயிடும். கொம்படியைச் சுத்தி வந்து மூக்கு மேல ஒரு வளையம் விழற மாதிரி தும்பு போட்டு, அந்தக் கயித்தைக் கட்டணும். தலைக்கும் மரத்துக்கும் ஒரு முழத்துக்கு மேல தொங்கல் விடாதீங்க. நுனியை இழுத்தா ஒரே இழுப்புல அவுழுற முடிச்சா இருக்கணும். மாடு மண்டி போட்டு விழுந்துட்டா கயித்துல பாரம் ஏறிடும், அப்ப நகத்தால முடிச்சை நோண்டிக்கிட்டு நிக்க முடியாது. கழுத்தைச் சுத்திப் போடற கயித்துக்குச் சுருக்கு ஆகவே ஆகாது, இறுகாத கண்ணி முடிச்சு மட்டும்தான்.

நிக்கற இடம் தோள்பட்டை பக்கம், உடம்போட ஒட்டி. மாடு பின்னால மட்டும் உதைக்காது, பின்னங்காலை முன்னால கொண்டுவந்து பக்கவாட்டுல வீசும். இரண்டடி தள்ளி நிக்கறவனுக்குத்தான் முழு வேகமும் விழும். உதைக்கிற மாடுன்னு தெரிஞ்சா பின்னங்கால் முட்டிக்கு மேல எட்டு மாதிரி சுத்தி அணைகயிறு போடுங்க. இல்லன்னா வாலை அடியில, முதுகெலும்பு முடியற இடத்துல ரெண்டு கையாலும் பிடிச்சு நேரா மேல தூக்கணும். நுனி வாலை முறுக்கினா எலும்பு உடையும்.

எருது விடற காளைக்கு இந்தக் கணக்கு எதுவும் ஒத்து வராது. கூட்டத்தையும் சத்தத்தையும் பார்த்தா பிச்சுக்கிட்டு ஓடவே பழக்கி வச்சிருப்பாங்க. அதை வளர்த்தவரே பிடிக்கணும், ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு கயிறு வேணும், வேடிக்கை பார்க்கற பசங்களை முன்னாடியே விரட்டிடணும்.

லத்தேரி_ஆய்வாளர்

அண்ணன் சொன்ன கயிறு விஷயத்துக்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. மருந்து பற்றிச் சொல்கிறேன்.

கோமாரி தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி வரை. வெயில் பட்டால் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். டீப் ஃப்ரீசரில் இருந்து கல் மாதிரி எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் அடுக்கிக் குப்பியை நடுவில் சொருகினால், பேக்கை ஒட்டி நிற்கும் குப்பி உறைந்துவிடும். வெளியே எடுத்த பேக்கின் மேல் வெண்பனி படியும். அது கரைந்து, பேக்கைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்க வேண்டும். அதன்பிறகு துடைத்து அடுக்குங்கள். மே மாதத்தில் நம் ஊரில் அதற்கு அதிக நேரம் பிடிக்காது, மார்கழியில் பிடிக்கும். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், சத்தத்தைக் கேளுங்கள். நான்கு பக்கமும் நான்கு பேக், நடுவில் குப்பிகள் அட்டைப் பெட்டியோடு, கூடவே ஒரு தெர்மாமீட்டர்.

உறைந்து உருகிய குப்பியைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். எண்ணெய் கலந்த தடுப்பூசி பால் மாதிரி ஒரே சீராக இருக்க வேண்டும். உறைந்திருந்தால் குழம்பு பிரிந்து எண்ணெய் தனியே, நீர் தனியே நிற்கும். படிகாரம் சேர்த்த தொண்டை அடைப்பான், சப்பை நோய் தடுப்பூசிகள் உறைந்திருந்தால், குலுக்கி வைத்த பிறகு துகள் துகளாகச் சீக்கிரம் அடியில் படியும். எவ்வளவு குலுக்கினாலும் அவை பழைய நிலைக்கு வராது. அந்தக் குப்பிகளைத் தனியே எடுத்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆட்டுக்கொல்லி நோய் தடுப்பூசி வேறு வகை. உறைநிலையில் உலர்த்திய தூள், உறைந்தாலும் அதற்கு ஒன்றுமாகாது. ஆனால் அதோடு வரும் கரைப்பானை உறைய விடக்கூடாது. அதையும் முதல் நாளே குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் சூடேறிய கரைப்பானை ஊற்றினால் உயிருள்ள வைரஸ் அந்த இடத்திலேயே செத்துவிடும். 100 டோஸ் குப்பியை 100 மி.லி.யில் கரைத்து, ஆட்டுக்கு 1 மி.லி. தோலடியில் போட வேண்டும். கரைத்த 2 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை நாளைக்கு என்று வைக்கக்கூடாது. அதனால் ஆடுகள் பட்டியை விட்டு மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன் ஊருக்குள் இருங்கள். நூறு ஆடு திரண்ட பிறகு குப்பியை உடையுங்கள்.

கே.வி.குப்பம்_புதுசு

ரொம்ப நன்றி அக்கா. வழியில் கேரியரை அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறதே?

லத்தேரி_ஆய்வாளர்

திறக்காமல் வேலை நடக்காது தம்பி. ஒரு தெருவுக்கு வேண்டிய குப்பியை மட்டும் எடுத்து மூடுங்கள். எடுத்த குப்பி கையில் இருக்கும் வரை நிழலில், ஈரத்துணி சுற்றி. வண்டியின் பெட்ரோல் டாங்க் மேல் கேரியரை வைத்துக்கொண்டு போகிறார்கள், அது அடியிலிருந்து சூடேற்றும். மருந்தகத்து ஐ.எல்.ஆர்.-இல் (தடுப்பூசி வைக்கும் குளிர்பதனப் பெட்டி) காலை, மாலை இரண்டு வேளை வெப்பநிலை எழுத வேண்டும். கரன்ட் போனால் மூடியைத் திறந்து பார்ப்பதுதான் பெரிய தப்பு. மூடியே இருந்தால் அது குளிரைத் தாங்கும்.

குடியாத்தம்_கொட்டகை

ஊசி விஷயத்தில் நடைமுறையைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் நாலு மாடு என்றால் ஒரே நீடிலில் போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்கு மாற்றினால் போதும். ஒரே கொட்டகையில் ஒன்றாகத் தின்று ஒன்றாகப் படுக்கிற மாடுகள்தானே? மாட்டுக்கு மாடு மாற்றுவதற்கு முகாமில் நேரம் ஏது?

பேரணாம்பட்டு_டாக்டர்

இதை ஒப்புக்கொள்ள முடியாது. ஒன்றாகத் தின்பதால் பரவாத நோய்கள் ரத்தத்தால் பரவும். அனாப்ளாஸ்மா என்ற ரத்தக் கிருமி உண்ணிக்கடியில் வருவது போலவே, ரத்தம் ஒட்டிய ஊசியிலும் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குப் போகும். பார்வைக்குத் திடமாக இருக்கும் மாடு அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். பக்கத்தில் நிற்கும் ஜெர்சிக் கலப்புக்கு அது போனால் காய்ச்சல், சோகை, பால் வற்றுதல் என்று சில வாரத்தில் படுத்துவிடும். மாட்டுக்காரர் அப்போது "தடுப்பூசி போட்டதால்தான் மாடு விழுந்தது" என்பார். அவர் மேல் தப்பில்லை. அடுத்த முகாமுக்கு அந்தத் தெருவே மாட்டை அவிழ்த்துத் தராது. மாட்டுக்கு ஒரு நீடில் என்பதில் சலுகையே கிடையாது.

நேரம் மிச்சம் பண்ண வேறு வழி இருக்கிறது. உதவியாளர் மாட்டைக் கட்டி முடிக்கும்போது ஆய்வாளர் கையில் அடுத்த நீடில் பொருத்திய சிரிஞ்ச் தயாராக இருக்கட்டும். குப்பியின் ரப்பர் மூடியில் ஒரு நீடிலை நிரந்தரமாகச் சொருகி வைத்து, மருந்தை அதன் வழியாக மட்டுமே உறிஞ்ச வேண்டும். மாட்டில் குத்திய நீடிலைத் திரும்பக் குப்பிக்குள் விட்டால் அந்தக் குப்பியில் மிச்சமுள்ள மருந்து முழுவதும் அசுத்தம்.

இடம் கழுத்தின் நடுப்பகுதி, தசைக்குள் ஆழமாக. மாட்டுக்கு நீடில் 18 கேஜ் தடிமன், நீளம் ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம். தொடையில் போட்டால் உதையும் வாங்க வேண்டும், கட்டி வந்தால் மாடு நொண்டவும் செய்யும். அளவு அந்தந்தக் குப்பியின் லேபிளில் இருக்கும். அதைப் படிக்காமல் சென்ற முகாம் நினைவில் போடாதீர்கள், தயாரிப்பாளர் மாறினால் அளவும் மாறலாம். காய்ச்சல் மாடு, நிறைசினை மாடு, 4 மாதம் ஆகாத கன்று இவற்றை ஒதுக்கி நிறுத்தி என்னைப் போன்றவர்களைக் கேளுங்கள்.

போட்டவுடன் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடவும் கூடாது. அரை மணி நேரத்துக்குள் எந்த மாட்டுக்காவது கண்ணிமை, முகவாய் வீங்கினாலோ, மூச்சு இரைந்தாலோ, நடுங்கி விழுந்தாலோ அது ஒவ்வாமை. அட்ரினலின் டாக்டரின் பெட்டியில் எந்த அறையில் இருக்கிறது என்று உதவியாளருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் கருச்சிதைவு நோய் தடுப்பூசி, எஸ்-19, ஆளுக்கே ஆபத்தானது. உயிருள்ள கிருமி. 4 முதல் 8 மாதம் வரையுள்ள பெண் கன்றுக்கு மட்டும், ஆயுளில் ஒரே முறை, 2 மி.லி. தோலடியில். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் வேண்டும். கன்று உதறும்போது ஊசி உங்கள் விரலில் குத்தினாலோ, மருந்து கண்ணில் தெறித்தாலோ உடனே கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் "புரூசெல்லா எஸ்-19" என்று பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு யாருக்கும் காரணம் பிடிபடாது. கர்ப்பிணிப் பணியாளர்களை இந்த வேலையில் விடவே கூடாது.

குடியாத்தம்_கொட்டகை

சரிங்க டாக்டர், நீடில் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. கழற்றிய நீடில்களை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுங்கள். பாலித்தீன் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறார்கள்.

பேரணாம்பட்டு_டாக்டர்

மூடியைத் திரும்ப மாட்டக்கூடாது, விரலில் குத்துவது அப்போதுதான். ஹப் கட்டரில் (நீடிலை அடியோடு வெட்டும் கருவி) வெட்டி, குத்தினால் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில் விழட்டும். கண்ணாடிக் குப்பிகள் நீலக் குறியிட்ட பெட்டிக்கு. 2016 மருத்துவக் கழிவு விதிகள் கால்நடை மருந்தகத்துக்கும் பொருந்தும். டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி அனுப்பிவிட வேண்டும்.

கே.வி.குப்பம்_புதுசு

ஆடுகளுக்கு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) தடுப்பூசி பற்றியும் சொல்லுங்கள் டாக்டர். ஒரு ஆடு திடீரென்று செத்துவிட்டது என்று தகவல் வந்தால் உதவியாளர் முதலில் செய்ய வேண்டியது என்ன?

பேரணாம்பட்டு_டாக்டர்

இந்தக் கேள்வியை வேலூர் பக்கம் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும். நம் பகுதி மண்ணில் அடைப்பான் நோயின் விதைநுண்மம் (ஸ்போர், அதாவது கிருமி ஓடு கட்டிக்கொண்டு உறங்கும் நிலை) பல பத்தாண்டுகளாகத் தங்கியிருக்கிறது. இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இதற்கான தடுப்பூசியைத் தயாரிக்கிறது. ஆட்டுக்கு 0.5 மி.லி., மாட்டுக்கு 1 மி.லி., தோலடியில். நோய் கண்ட ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால். உயிருள்ள விதைநுண்மம் என்பதால் ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஆட்டுக்கு அதே சமயத்தில் போட்டால் பலன் இருக்காது. ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் ஊற ஊறத் துடைப்பதும் கூடாது.

செத்த ஆட்டைப் பார்க்கும்போது தொடாமல் சுற்றி வந்து பாருங்கள். வயிறு மளமளவென்று உப்பியிருக்கும். கால்கள் சரியாக விறைத்திருக்காது. மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கறுத்த ரத்தம் கசிந்து, உறையாமல் தார் மாதிரி நிற்கும். இவை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நேற்று மாலை மேய்ந்த ஆடு காலையில் செத்துக் கிடந்தாலே சந்தேகப்படலாம்.

சந்தேகம் வந்தால் அறுக்கக்கூடாது, தோலை உரிக்கக்கூடாது, கறி போடக்கூடாது. உடலுக்குள் இருக்கும் கிருமி காற்றுப் பட்டதும் விதைநுண்மமாக மாறும், அப்படி மாறினால் அந்த இடம் பல பத்தாண்டுகளுக்கு நோய் நிலம். அறுக்காமல் விட்டால் உள்ளேயே அழுகும்போது பெரும்பாலான கிருமி செத்துவிடும். பிரேதப் பரிசோதனையும் கிடையாது. காதுநுனி நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடி வில்லையில் தடவிப் பாலிகுரோம் மெத்திலீன் ப்ளூ சாயமிட்டுப் பார்த்தால் போதும். நீலக் குச்சிகளைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரியும். ரத்தத்தை எடுப்பது டாக்டர். உதவியாளர் பிடித்துக் கொடுத்து, குத்திய இடத்தில் கிருமிநாசினியில் நனைத்த பஞ்சை அழுத்தி வைக்க வேண்டும்.

பிறகு உடலின் எல்லாத் துவாரங்களையும் அதேபோல் கிருமிநாசினியில் நனைத்த பஞ்சால் அடையுங்கள். தரையில் இழுக்காமல் தடித்த பாலித்தீன் விரிப்பில் ஏற்றுங்கள். கிணறு, ஓடை, ஏரிக்கரை தவிர்த்து 6 அடிக்குக் குறையாத குழி. உடல் கிடந்த இடத்தின் மேல்மண்ணையும் ரத்தம் பட்ட வைக்கோலையும் சேர்த்துப் புதைக்க வேண்டும். மேலே சீமைக்கருவேல முள்ளைப் பரப்பினால்தான் நாய் தோண்டாது. விறகு கிடைத்தால் எரிப்பது புதைப்பதைவிட மேல்.

தொட்டவர்கள், கறி வாங்கியவர்கள் பெயரை எழுதி வாங்கி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிப்பது நம் வேலையில் சேர்ந்தது. கையில், முகத்தில் வலியில்லாத கொப்புளம் வந்து நடுவில் கறுத்துப் பொருக்கு கட்டினால் அது தோல் அடைப்பான். மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் குணமாகும்.

பொய்கைச்_சந்தை

டாக்டர், குழியில சுண்ணாம்பு கொட்டறதை விட்டுட்டீங்களே? எல்லா ஊர்லயும் அதைத்தான செய்யறோம்.

பேரணாம்பட்டு_டாக்டர்

தெரிந்தே விட்டேன் அண்ணா. மற்ற நோயில் செத்த மாட்டுக்குச் சுண்ணாம்பு சரி. அடைப்பானுக்கு மட்டும் அதில் மாறுபாடு இருக்கிறது. கால்சியம் உள்ள மண்ணில் இந்த விதைநுண்மம் நீண்டநாள் தாங்கும் என்பதால் உலக சுகாதார நிறுவனத்தின் அடைப்பான் வழிகாட்டி சுண்ணாம்பைப் பரிந்துரைப்பதில்லை. நம் ஊர் நடைமுறை அறிவுரைகளில் இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. மேலதிகாரி உத்தரவில் இருந்தால் அதன்படி செய்யுங்கள். ஆனால் சுண்ணாம்பு கொட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் மூன்றடிக் குழியோடு நிறுத்திவிடுகிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை. காப்பாற்றுவது ஆழமும் முள்ளும்தான்.

லத்தேரி_ஆய்வாளர்

மருந்தகத்துக்குள் செய்யும் வேலையையும் சேர்த்துவிடலாம். அறுவைக் கருவிகளை முதலில் பச்சைத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். வெந்நீரில் போட்டால் ரத்தம் வெந்து கீல்களில் ஒட்டிக்கொள்ளும். கத்தரி, இடுக்கி எல்லாம் திறந்த நிலையில் ஆட்டோகிளேவில் (ஆவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) போக வேண்டும். உள்ளே இருக்கும் காற்று வெளியேறி ஆவி சீராக வந்த பிறகு வெயிட் போடுங்கள். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், அங்கிருந்து 20 நிமிடம். துணி சுற்றிய மூட்டை என்றால் 30. வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்தால் விதைநுண்மம் சாகாது, டெட்டனஸ் அப்படித்தான் வருகிறது.

பால் காய்ச்சல் (ரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடுவது) கண்ட மாட்டுக்குக் கால்சியம் ஏற்றும்போது பாதி வேலை உதவியாளருடையது. படுத்த மாடு பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் முதலில் நெஞ்சுமேல் நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுங்கள். சாய்ந்தே கிடந்தால் வயிறு உப்பும், அசை எடுத்தது நுரையீரலுக்குப் போகும். 450 மி.லி. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். டாக்டர் இதயத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்திருக்கும்போது பாட்டில் உங்கள் கையில் இருக்கும். உயர்த்தினால் வேகம், தாழ்த்தினால் மெதுவு. 10 முதல் 20 நிமிடம் ஆக வேண்டும். "நிறுத்து" என்றால் அந்த நொடியில் குழாயை மடித்துப் பிடிக்க வேண்டும். கை வலிக்கிறது என்று ஜன்னல் கம்பியில் மாட்டிவிடுவது கூடாது. எழுந்த மாட்டின் மடியை முதல் நாள் முழுவதும் கறந்துவிடாதீர்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

குடியாத்தம்_கொட்டகை

வாயில் நுரை தள்ளும் மாட்டைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். தொண்டையில் மாங்கொட்டை அடைத்திருக்கும் என்று உடனே கையை விடுகிறார்கள்.

பேரணாம்பட்டு_டாக்டர்

வெறும் கையை விடவே கூடாது. வெறிநோய் வந்த மாடும் அப்படித்தான் எச்சில் வடிக்கும், விழுங்க முடியாமல் நிற்கும். குரல் மாறிக் கரகரத்துக் கத்துவது, பின்பகுதி தள்ளாடுவது, முக்கிக்கொண்டே இருப்பது, சில வாரம் அல்லது மாதங்களுக்கு முன் நாய் கடித்த தகவல், இதில் எது இருந்தாலும் டாக்டர் வரும் வரை வாயைத் திறக்காதீர்கள். எச்சில் பட்ட கையில் கீறல் இருந்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு. மருந்தகத்தில் வேலை செய்யும் எல்லோரும் கடி வாங்குவதற்கு முன்பே 0, 7, 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டு முடித்திருக்க வேண்டும். அப்படிப் போட்டிருந்தால் பிறகு கடி பட்டாலும் 0, 3ஆம் நாள் இரண்டு ஊசியோடு முடியும். சேர்ந்த உடனே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி.

கே.வி.குப்பம்_புதுசு

நாளைக்கே கேட்கிறேன் டாக்டர். கடைசியாக ஒன்று. டாக்டர் வெளியூர் போயிருக்கும்போது மாட்டுக்காரர்கள் "நீயே ஒரு ஊசி போட்டு விடுப்பா" என்று நிற்கிறார்கள். மறுத்தால் கோபம். என்ன சொல்வது?

பேரணாம்பட்டு_டாக்டர்

1984 இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், பிரிவு 30. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை தரலாம். பயிற்சிச் சான்று பெற்றவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சேவைகள் செய்யலாம். உதவியாளர் தானாக முடிவெடுத்து ஊசி போட இடமில்லை. காய்ச்சல் பார்த்துக் குறித்து வைக்கலாம் (மாட்டுக்கு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் சுமார் இயல்பு), காயத்தைக் கழுவலாம், வயிறு உப்பிய மாட்டை முன்பகுதி மேடாக நிறுத்தலாம், எனக்குப் போன் போட்டு நிலைமையைச் சொல்லலாம். அவசரம் என்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிட்டுக் கொடுங்கள். நீங்கள் போன் போட்டு முடிக்கும்வரை கூடவே நின்றால் அவர்கள் கோபம் தணிந்துவிடும்.

பொய்கைச்_சந்தை

உப்பின மாட்டை இடது பக்கம் மேல இருக்கற மாதிரி பார்த்துக்கங்க. பெருவயிறு இடது பக்கம். எதுக்காவது கீழ சாய்க்க வேண்டி வந்தாலும் வலது பக்கமாத்தான் சாய்க்கணும். 30, 35 அடி பருத்திக் கயிறு ஒண்ணு மருந்தகத்துல தனியா வச்சுக்கங்க, நைலான் தோலை அறுக்கும். கழுத்துல இறுகாத கண்ணி, முன்னங்கால் பின்னாடி ஒரு சுத்து, மடிக்கு முன்னாடி ஒரு சுத்து, பால் நரம்பு மேல கயிறு அழுத்தாம பார்த்து நேரா பின்னால இழுத்தா மாடு தானா மடங்கிப் படுக்கும். தலைக்கு அடியில சாக்கு. நிறைசினைக்கு இது வேணாம்.

லத்தேரி_ஆய்வாளர்

முகாமுக்குப் போகும் முன் காதுத் தோடு (மாட்டின் அடையாள எண் உள்ள வில்லை) மாட்டும் கருவியையும் பழகிக்கொள்ளுங்கள் தம்பி. காதின் நடுவில், இரண்டு குருத்தெலும்பு வரிகளுக்கு இடையில், நரம்பைத் தவிர்த்து. ஓரமாக மாட்டினால் வேலியில் சிக்கிக் காது கிழியும். 12 இலக்க எண்ணை இரண்டு பேர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகு பதிவில் ஏற்றுங்கள். நீங்கள் படிக்க, ஆய்வாளர் பதியட்டும்.

கே.வி.குப்பம்_புதுசு

அக்கா, பழைய தோடு அறுந்து விழுந்த மாட்டுக்கு?

லத்தேரி_ஆய்வாளர்

புதுத் தோடு மாட்டி, பழைய எண்ணோடு சேர்த்துப் பதிய வேண்டும். வீட்டில் தடுப்பூசி அட்டை இருந்தால் பழைய எண் அதில் இருக்கும். புது மாடாகப் பதிந்துவிட்டால் முன்பு போட்ட ஊசிக் கணக்கு போய்விடும், எஸ்-19 போட்ட கிடேரிக்கு அது முக்கியம்.